இட்டாச்சி, பொக்லைன், ஜேசிபி: நம்ம கண்மாய்க்கு வந்த மூணு பேர்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா இருக்கணும்னு பேச்சுல திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைச்சிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு பஸ் ஜன்னல்ல ஆரம்பிக்குது.

போன மாசம் விருதுநகர்ல இருந்து அருப்புக்கோட்டைக்குப் போயிட்டு இருந்தேன். வழியில ஒரு கண்மாய். தண்ணி இல்ல. நடுவுல ஆரஞ்சு கலர்ல ஒரு வண்டி நின்னு மண்ணை அள்ளி டிப்பர்ல போட்டுட்டு இருந்துச்சு. எனக்கு முன் சீட்ல ஒரு சின்னப் பையன், "ஆத்தா, ஜேசிபி! ஜேசிபி!"ன்னு குதிச்சான். அந்த ஆத்தா அசராம சொன்னாங்க: "அது ஜேசிபி இல்லய்யா. செயின் போட்டிருக்குல்ல, அது இட்டாச்சி."

மறுநாள் பேப்பர்ல அதே மாதிரி ஒரு கண்மாய் பத்தி ஒரு செய்தி. அதுல "பொக்லைன் இயந்திரம் மூலம் தூர் வாரப்பட்டது"ன்னு போட்டிருந்துச்சு.

கிட்டத்தட்ட ஒரே வேலை செய்யுற வண்டிகள். பேர் மூணு. ஒண்ணு இங்கிலாந்துக்காரர் பேரு, ஒண்ணு பிரான்ஸ் பேரு, ஒண்ணு ஜப்பான் பேரு. மூணும் கம்பெனிப் பேரு. கரிசக்காட்டுல நிக்கிற ஒரு வண்டிக்கு ஏன் இத்தனை வெளிநாட்டுப் பேர், இது எங்க பிறந்து எப்படி இங்க வந்துச்சு, வந்ததுல யாருக்கு என்ன போச்சு? இதுதான் இன்னைக்குக் கதை.

முதல்ல அந்த ஆத்தா சொன்னதை முடிச்சிடுவோம், ஏன்னா அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. நாம ஜேசிபின்னு சொல்றது நாலு டயர் போட்ட மஞ்சள் வண்டி. முன்னாடி மண் தள்ளுற அகலமான பக்கெட், பின்னாடி தேள் வால் மாதிரி தோண்டுற கை. ரோட்டுல தானா ஓடும். காலையில ஒரு ஊர்ல செப்டிக் டேங்க் தோண்டிட்டு மதியம் பக்கத்து ஊருக்கு வந்து பைப்லைனுக்குக் குழி எடுக்கும். இட்டாச்சின்னு சொல்றது செயின் வண்டி. டயர் கிடையாது, ரெண்டு பக்கமும் இரும்புச் சங்கிலிப் பட்டை. மேல்பாகம் முழுசா, 360 டிகிரி, ராட்டினம் மாதிரி சுத்தும். ரோட்டுல ஓட்டிட்டுப் போக முடியாது, லோபெட் லாரியில ஏத்திட்டுத்தான் போகணும். கண்மாய், கல் குவாரி, நாலுவழிச் சாலை மாதிரி பெரிய வேலைன்னா இதுதான்.

லிங்கன்ல ஒரு நீராவிக் கூலியாள்

தோண்டுற இயந்திரத்தை முதல்ல செஞ்சது அமெரிக்கா. வில்லியம் ஓட்டிஸ்னு ஒரு இளைஞர், 1839-ல் நீராவியில ஓடுற மண்வாரிக்குக் காப்புரிமை வாங்கினார். அதே வருஷம் இருபத்தாறு வயசுல இறந்தும் போயிட்டார். ஆனா இங்கிலாந்துல அது ரொம்ப வருஷம் சூடு பிடிக்கவே இல்ல. காரணம் எளிமையானது. அங்க கூலிக்கு ஆள் மலிவா கிடைச்சாங்க. மலிவா கிடைக்கிற கைக்கு முன்னாடி விலை உயர்ந்த இயந்திரம் எப்பவும் தோக்கும். இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில நம்ம ஊருக்கு வரும்போது தேவைப்படும்.

அந்தக் கூலியாட்களுக்கு அங்க 'நேவி'ன்னு பேர். கடற்படை நேவி இல்ல. கால்வாய் வெட்டுனவங்களை 'நேவிகேட்டர்'னு கூப்பிட்டு, அது சுருங்கி நேவி ஆச்சு. கால்வாய்க்குப் பிறகு ரயில் பாதை. மம்பட்டியும் கடப்பாரையும்தான் ஆயுதம். நல்ல தேர்ந்த நேவி ஒருத்தர் ஒரு நாளைக்கு 20 டன் மண்ணை அள்ளுவார்னு சொல்வாங்க.

1870-களில் இங்கிலாந்தோட கிழக்குப் பக்கம் லிங்கன்ங்கிற ஊர்ல, ரஸ்டன் ப்ராக்டர் கம்பெனி ஒரு இயந்திரத்தைச் செய்ய ஆரம்பிச்சது. அதுக்கு வச்ச பேர் 'ஸ்டீம் நேவி'. அதாவது நீராவிக் கூலியாள். எந்த மனுஷனோட வேலையை எடுத்துக்க வந்துச்சோ, அந்த மனுஷனோட பேரையே அதுக்கு வச்சுட்டாங்க. எனக்கு இது ஒரு பக்கம் குரூரமாவும் இன்னொரு பக்கம் நேர்மையாவும் தெரியுது. நாம 'இட்டாச்சி'ன்னு சொல்லும்போது அந்த வேலையை முன்னாடி யார் செஞ்சாங்கங்கிற தடயமே பேர்ல இல்லயே.

அந்த ஸ்டீம் நேவிக்குச் செயின் பட்டை கிடையாது. தண்டவாளத்துல நிக்கும். முன்னாடி இருக்கிற மண்மேட்டைக் கீழ இருந்து மேல வழிச்சு எடுக்கும், பக்கத்துல நிக்கிற வேகன்ல கொட்டும். முழுசா சுத்தாது, அரை வட்டம் போனா பெருசு. எட்டுற மண்ணு தீர்ந்ததும் முன்னாடி தண்டவாளம் போட்டுத்தான் நகர்த்தணும். அதனால ஓட்டுறவர், பக்கெட்டைப் பாக்குறவர், கரி போடுறவர், இவங்களோட தண்டவாளம் எடுத்துப் போட ஒரு கும்பலே வேணும்.

இது பெரிய அளவுல இறங்குனது மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வேலையில. 1887-ல் ஆரம்பிச்சு 1894 ஜனவரியில கப்பல் விட்டாங்க. நீளம் 36 மைல். உச்சத்துல 16,000 பேர் வரை வேலை பார்த்திருக்காங்க. கூடவே நூறுக்கு நெருக்கமான நீராவித் தோண்டிகள்.

இப்ப இங்க கொஞ்சம் நிறுத்துறேன். 1887-ங்கிற வருஷம் உங்களுக்கு வேற எதையாவது ஞாபகப்படுத்துதா?

முல்லைப் பெரியாறு! பென்னிகுயிக் அணை வேலையை ஆரம்பிச்சதும் 1887. முடிச்சது 1895. அங்க மான்செஸ்டர்ல நீராவி இயந்திரம் வரிசையா நின்னு தோண்டிட்டு இருந்த அதே ஏழெட்டு வருஷத்துல, அதே பிரிட்டிஷ் சாம்ராஜ்ஜியத்தோட இன்னொரு மூலையில, காட்டுக்குள்ள, மலேரியாவுலயும் காலராவுலயும் செத்துக்கிட்டே நம்ம ஆட்கள் பெரும்பாலும் கையாலதான் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தாங்க. சுரங்கத்துக்குத் துளை போட இயந்திரம் வந்துச்சு, சாமான் இழுக்கக் கம்பிவடம் வந்துச்சு. ஆனா சுமக்கிறதுக்குத் தலையும் சும்மாடும்தான். அதுக்கு முன்னாடி, 1876-ல் மதுரையில இருந்து தூத்துக்குடிக்கு ரயில் விட்டாங்களே, அப்ப விருதுபட்டின்னு பேர் இருந்த நம்ம விருதுநகர் வழியா, அந்த மண்கரை முழுக்கவும் கூடையில சுமந்து கொட்டினதுதான்.

இன்ஜினியர்களுக்கு இயந்திரம் தெரியாமலா இருந்துச்சு? தெரியும். ஆனா கணக்கு அதேதான். கை மலிவு.

கம்பளிப்பூச்சி

சரி, செயின் எங்க இருந்து வந்துச்சு?

லிங்கன்ல இருந்து கொஞ்ச தூரத்துல கிராந்தம்னு இன்னொரு ஊர். அங்க ஹார்ன்ஸ்பி கம்பெனி. அதுல டேவிட் ராபர்ட்ஸ்னு ஒரு இன்ஜினியர், 1904-ல் சங்கிலிப் பட்டைக்குக் காப்புரிமை எடுத்தார். சக்கரத்துக்குக் கீழ ரோட்டையே கட்டித் தூக்கிட்டுப் போற யோசனை. முன்னாடி ரோட்டை விரிச்சுப் போடு, மேல ஏறிப் போ, பின்னாடி சுருட்டி எடு, மறுபடி முன்னாடி விரி. பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இதை ஓட்டிக் காட்டினப்போ சிப்பாய்கள் இதைக் கம்பளிப்பூச்சின்னு கூப்பிட்டாங்க. இங்கிலீஷ்ல கேட்டர்பில்லர். ஆனா ராணுவம் பெருசா ஆர்டர் கொடுக்கல. ஹார்ன்ஸ்பி காப்புரிமையை அமெரிக்காவோட ஹோல்ட் கம்பெனிக்கு வித்துட்டாங்க. அந்த ஹோல்ட்தான் 1925-ல் இன்னொரு கம்பெனியோட சேர்ந்து 'கேட்டர்பில்லர்' ஆனது. ஒரு ஊர்க் கம்பெனி கையில வச்சிருந்ததை வித்துட்டு, அப்புறம் உலகமே அதை அடுத்தவன் பேர்ல வாங்குறதைப் பாக்குறது எப்படி இருந்திருக்கும்!

இன்னும் வேடிக்கை, 1915-ல் உலகத்தோட முதல் பீரங்கி டாங்கி உருவானதும் அதே லிங்கன்லதான், பக்கத்துப் பட்டறையில. போர் முடியுற வருஷம் 1918-ல் ரஸ்டனும் ஹார்ன்ஸ்பியும் ஒண்ணாயிட்டாங்க. ஸ்டீம் நேவி செஞ்ச கம்பெனியும் செயின் செஞ்ச கம்பெனியும் ஒரே கூரைக்குக் கீழ. 1930-ல் அமெரிக்க ப்யூசைரஸோட கூட்டு வச்சு ரஸ்டன் ப்யூசைரஸ். தண்டவாளம் போய்ச் செயின், நீராவி போய் டீசல். அந்தக் காலத்து இங்கிலாந்துல மண் தோண்டுற இடத்துல எல்லாம் இந்த ஆர்பி வண்டிகள்தான்.

செயின் ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? இதைக் கரிசல் மண்ணைத் தெரிஞ்சவங்களுக்குச் சொல்றது ரொம்பச் சுலபம். காஞ்சா கல்லு, நனைஞ்சா பசை. மழைக்கு அப்புறம் கரிசக்காட்டுல செருப்போட நடந்து பார்த்திருக்கீங்களா? பத்தடி போறதுக்குள்ள செருப்பு ரெண்டு கிலோ ஆயிடும்.

ஒரு சின்னக் கணக்கு. 20 டன் செயின் வண்டின்னு வச்சுக்குவோம். ஒரு பட்டை 60 சென்டிமீட்டர் அகலம், தரையில படுற நீளம் சுமார் மூன்றரை மீட்டர். ரெண்டு பட்டை. மொத்தப் பரப்பு 42,000 சதுர சென்டிமீட்டர். 20,000 கிலோவை அதால வகுத்தா, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு.

இப்ப நீங்க. 60 கிலோ எடை, நடக்கும்போது ஒரு நேரத்துல ஒரு பாதம்தான் தரையில. ஒரு பாதம் சுமார் 150 சதுர சென்டிமீட்டர். 60-ஐ 150-ஆல வகுத்தா 0.4 கிலோ. அதாவது 20 டன் இரும்பு வண்டி, மண்ணுக்கு உங்க கால் அழுத்தம் கொடுக்குற அளவுதான் அழுத்துது. ஏழரை டன் இருக்கிற டயர் ஜேசிபியோ, டயர்ல இருக்கிற காத்தழுத்தம் அளவுக்கு, சதுர சென்டிமீட்டருக்கு ரெண்டு, மூணு கிலோ அழுத்தும். எடை கம்மியான வண்டிதான் கண்மாய்க்குள்ள மாட்டும். ஆத்தாவுக்கு இந்தக் கணக்கு தெரியாம இருக்கலாம், ஆனா கண்மாய்க்குள்ள எது இறங்கும், எது இறங்காதுன்னு தெரியும்.

கயிறு போய் எண்ணெய் வந்த கதை

ரஸ்டன் ப்யூசைரஸ் வண்டி எல்லாம் இரும்புக் கயிறுல வேலை செஞ்சது. நம்ம கமலைக் கிணறு மாதிரின்னு வச்சுக்கோங்களேன். கயிறால இழுக்க முடியும், தள்ள முடியாது. கமலையில சால் தன் எடையிலதானே கிணத்துக்குள்ள இறங்குது? அதே மாதிரி கயிறு வண்டியில பக்கெட் தன் கனத்துல விழுந்துதான் மண்ணுல இறங்கணும். கெட்டித் தரையை மேல இருந்து கீழ அமுக்கித் தோண்டுறது அதுக்குக் கஷ்டம்.

அமுக்குற பலம் வந்தது எண்ணெய் அழுத்தத்துல, அதாவது ஹைட்ராலிக்ஸ்ல. இதுக்கும் ஒரு கணக்கு. இன்னைக்கு இருக்கிற ஒரு வண்டியில எண்ணெயோட அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 350 கிலோ வரைக்கும் போகும். பிஸ்டன் 12 சென்டிமீட்டர் விட்டம்னா அதோட பரப்பு 113. ரெண்டையும் பெருக்குங்க. கிட்டத்தட்ட 40 டன்! சாப்பாட்டுத் தட்டை விடச் சின்ன வட்டத்துல இருந்து 40 டன் தள்ளு. ஓட்டுறவர் ரெண்டு விரலால குச்சியை அசைச்சாப் போதும்.

இந்த எண்ணெய் வண்டி இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஐரோப்பாவுல பல இடத்துல ஒரே நேரத்துல முளைச்சது. நம்ம மூணு பேர்ல ரெண்டு பேர் இங்கதான் வர்றாங்க.

பொக்லைன்: பாரிஸுக்கு வடகிழக்கே ஒரு கிராமத்துல 1927-ல் ஜார்ஜ் பதாய்ங்கிறவர் ஆரம்பிச்ச விவசாயக் கருவிப் பட்டறை. 1951-ல் முதல் தோண்டி. 1961-ல் முழுச் சுத்து சுத்துற டிஒய்45, டயர் வண்டிதான், ஆனா செம ஓட்டம் ஓடுச்சு. அடுத்து செயின் வண்டிகளும் வந்துச்சு.

ஜேசிபி: ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட். முதல் எழுத்துகள்தான் அந்த மூணும். 1945 அக்டோபர் 23, அவருக்கு மகன் பிறந்த நாள். அன்னைக்கே இங்கிலாந்துல அடாக்ஸிட்டர்ங்கிற ஊர்ல வாடகைக் கொட்டகையில கம்பெனி ஆரம்பிச்சார். முதல் சரக்கு ஒரு டிரெய்லர், விலை 45 பவுண்டு. 1953-ல் டிராக்டருக்குப் பின்னாடி தோண்டுற கையை மாட்டி இன்னைக்கு நாம பாக்குற ஜேசிபிக்கு அடி போட்டார். செயின் வண்டிக்கு அவர் வந்தது லேட்டு. 1964-ல் ஜேசிபி 7. அதுக்குள்ள வேல்ஸ்ல இருந்து ஹைமாக்ங்கிற செயின் வண்டி மார்க்கெட்டைப் பிடிச்சிருந்துச்சு. இன்னைக்கும் அங்க, குறிப்பா அயர்லாந்துல, பழைய ஆட்கள் எந்தக் கம்பெனிச் செயின் வண்டியையும் ஹைமாக்னுதான் சொல்வாங்களாம். முதல்ல வந்தவன் பேரைப் பொதுப்பேர் ஆக்குற பழக்கம் நமக்கு மட்டும் இல்ல.

நம்ம பக்கம்

தமிழ்நாட்டுல ராட்சசத் தோண்டிகள்னு ஜனங்க வாயைப் பொளந்து பார்த்தது நெய்வேலியில. 1957 மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சார். அப்ப முதலமைச்சர் நம்ம விருதுநகர்க்காரர் காமராஜர். அங்க வந்த சக்கரவாரி இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியில இருந்து. அதுவும் செயின் பட்டை மேல நகர்றதுதான், ஆனா நாலஞ்சு மாடி உயரம். அது வேற ஜாதி வண்டி, தனி எபிசோடே போடலாம்.

சாதாரணச் செயின் வண்டிக்கு வருவோம். ஜாம்ஷெட்பூர்ல டாடாவோட டெல்கோ 1961-ல் அமெரிக்க பி அண்டு ஹெச் கம்பெனியோட சேர்ந்து கயிறு வண்டி செய்ய ஆரம்பிச்சது. 1970-களில் எல் அண்டு டி, பிரான்ஸ் பொக்லைனோட ஒப்பந்தம் போட்டு ஹைட்ராலிக் வண்டி கொண்டு வந்துச்சு. அதோட 90சிகே மாடல் நாடு முழுக்க அணை, கால்வாய், சுரங்கம்னு இறங்குச்சு. தமிழ்ப் பத்திரிகைக்கு முதல்ல பழக்கமான பேர் இதுதான். அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் செய்தியில பொக்லைன். அந்தப் பேர்ல புதுசா தோண்டுற வண்டி வர்றதே நின்னு பல வருஷம் ஆச்சுங்க, ஆனா பேப்பர்ல மட்டும் அது சாகவே இல்ல!

1979-ல் ஹரியானா பல்லப்கர்ல எஸ்கார்ட்ஸோட கூட்டா ஜேசிபி. 1984-ல் டெல்கோ, ஹிட்டாச்சியோட ஒப்பந்தம். ஹிட்டாச்சி 1910-ல் ஜப்பான்ல ஒரு தாமிரச் சுரங்கத்துல மோட்டார் ரிப்பேர் கடையா ஆரம்பிச்சது. அவங்க சொந்தமா வடிவமைச்ச முதல் ஹைட்ராலிக் தோண்டி 1965-ல் வந்துச்சு. அந்தப் பேர்ல 'ஹி' நம்ம நாக்குல நிக்கல. இட்டாச்சி ஆயிடுச்சு. பத்திரிகை பொக்லைன்லயே நின்னுடுச்சு, ஆபரேட்டர்களும் ஊர்க்காரங்களும் இட்டாச்சிக்கு மாறிட்டாங்க. ஒரே மொழியில எழுதுற பேர் ஒண்ணு, பேசுற பேர் ஒண்ணு.

எங்க பக்கம் இது நிறைய கண்ணுல பட ஆரம்பிச்சது 2000-களில், மதுரை - கன்னியாகுமரி நாலுவழிச் சாலை வேலைதான். சாலை முடிஞ்சது, வண்டிகள் போகல. குவாரிக்கும் கண்மாய்க்கும் இறங்கிடுச்சு.

கண்மாய்க்குள்ள

இந்த இடத்துக்கு வரத்தான் இவ்வளவு தூரம் சுத்தினேன்.

எங்க அம்மாச்சி கண்மாய் வேலைக்குப் போனவங்க. இரும்புச் சட்டியில மண். ஆம்பளைங்க மம்பட்டியால வெட்டிப் போடுவாங்க, பொம்பளைங்க சுமந்து கரையில கொட்டணும். அவங்க சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் புரியல. "வெட்டுற இடத்துல நடுவுல ஒரு திட்டை மட்டும் தொடாம விட்டுருவோம்"னாங்க. எதுக்கு? அளக்க! சுத்தி எவ்வளவு ஆழம் வெட்டியிருக்குன்னு அந்தத் திட்டோட உயரம் சொல்லும். ஓவர்சியர் வந்து டேப் பிடிச்சு அளந்து, யூனிட் கணக்குப் போட்டுக் கூலி கொடுத்த பிறகுதான் அந்தத் திட்டையும் வெட்டுவாங்க. ஒரு யூனிட்னா 100 கன அடி. அந்தத் திட்டுதான் அவங்களுக்குச் சாட்சி.

இட்டாச்சி திட்டு விடாது. அதுக்கு நேரம் கிடையாது, மணி வாடகை ஓடிட்டு இருக்கும். எவ்வளவு மண் போச்சுன்னு கேட்டா, எத்தனை டிப்பர் போச்சுங்கிற நோட்டுதான் கணக்கு. நோட்டு யார் கையில இருக்கோ அவர் சொல்றதுதான் ஆழம்.

ஒரு ஆபரேட்டர் அண்ணாச்சிகிட்ட இதைக் கேட்டேன். இருபது வருஷ அனுபவம், திருச்சுழிப் பக்கம்.

"அண்ணாச்சி, ஒரு மணி நேரத்துல எவ்வளவு எடுப்பீங்க?"

"மண்ணைப் பொறுத்து தம்பி. டிப்பர் நிக்காம வந்தா, ஒரு மணிக்கு நூறு கன மீட்டர் சாதாரணமா எடுக்கலாம்."

"நூறு நாள் வேலைக்கு வர்றவங்க ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஒண்ணரை, ரெண்டு கன மீட்டர் எடுப்பாங்களா?"

"கரிசல்ல அதுவே பெருசு. காஞ்சு கெடந்தா கடப்பாரையே எகிறும்."

அப்ப அவர் ஒரு மணி நேரம், ஐம்பது பேரோட ஒரு நாள். இந்தக் கணக்கைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எங்க அம்மாவும் அந்த வேலைக்குத்தான் தம்பி போறாங்க"ன்னார்.

2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்துல இது தெரிஞ்சே எழுதினாங்க. ஆட்களோட வேலையைப் பறிக்கிற இயந்திரம் கூடாது, கான்ட்ராக்டர் கூடாது. விருதுநகர் மாவட்டத்துக்கு அது 2008-ல் வந்துச்சு. அதுக்குப் பக்கத்துலயே, 2017-ல் தமிழ்நாடு அரசோட குடிமராமத்து வந்துச்சு. அதுல இயந்திரம் இறங்க அனுமதி இருந்துச்சு. அதே வருஷம் சீமைக் கருவேல மரத்தைப் பிடுங்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு. தென் மாவட்டம் முழுக்க இட்டாச்சியும் ஜேசிபியும் ராத்திரி பகலா ஓடுச்சு. கொஞ்ச மாசத்துல அதுக்கு இடைக்காலத் தடையும் வந்துச்சு. கருவேலத்தைக் கையால வெட்டினா அடியில இருந்து மறுபடி தழைக்கும். தூரோட பிடுங்க இந்த வண்டியாலதான் முடியும், அதை நான் மறுக்கல. ஆனா அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி வித்துப் பொழைச்சவங்க அந்த மாசங்கள்ல எங்க போனாங்கன்னு யாரும் பெருசா எழுதல.

இயந்திரமே வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. இருநூறு ஏக்கர் கண்மாயை மழைக்கு முன்னாடி சட்டியில அள்ளி முடிக்க முடியாது. கரம்பை மண்ணை அள்ளிட்டுப் போய்க் காட்டுல போட்டா விளைச்சல் நல்லா இருக்கும், அதுக்கும் விவசாயிங்க வண்டியைத்தான் நம்பி இருக்காங்க. முதுகு உடைஞ்ச வேலையை ரொமான்டிக்கா பேசுறது எனக்குப் பிடிக்காது. எங்க அம்மாச்சியோட கழுத்து வலி கடைசி வரைக்கும் போகல.

என் சண்டை வேற. கையால வெட்டும்போது கண்மாய் பரவலா, ஒரே மட்டமா ஆழமாகும். வண்டி நிக்கிற இடத்துலயே தோண்டும், ஏன்னா நகர்ந்தா டீசல். அதனால கண்மாய்க்குள்ள கிணறு மாதிரி திடீர்ப் பள்ளங்கள். மழை பெஞ்சு தண்ணி நின்னா மேல இருந்து பார்க்கத் தெரியாது. குளிக்கப் போற பிள்ளைங்க முழங்கால் ஆழம்னு நினைச்சுக் கால் வைப்பாங்க. இன்னொண்ணு, அடியில இருக்கிற களிமண் படுகைதான் தண்ணியைப் பிடிச்சு வைக்குது. அதையும் கிழிச்சுட்டா கண்மாய் ஓட்டைச் சட்டி. எங்க நிறுத்தணும்னு மம்பட்டிக்காரருக்கு மண்ணோட நிறம் மாறும்போது தெரிஞ்சது. கேபின்ல உட்கார்ந்து பாக்குறவருக்கும் தெரியும், அண்ணாச்சிக்கு நல்லாவே தெரியும். ஆனா நிறுத்துன்னு சொல்ற அதிகாரம் அவர்கிட்ட இல்ல.

இந்த இடத்துல சிவகாசியைப் பத்தி ஒண்ணு. அங்க தீப்பெட்டியில இது தலைகீழா நடந்துச்சு. கையால செய்யுற தீப்பெட்டிக்கு வரிச் சலுகை கொடுத்து, மெஷின் தீப்பெட்டிக்கு முன்னாடி பல வருஷம் தாக்குப்பிடிக்க வச்சாங்க. மண் வேலைக்கும் சட்டத்துல ஒரு வரி இருந்துச்சு, ஆனா அது ஒரு திட்டத்துக்குள்ள மட்டும்தான் செல்லுபடி. பட்டாசுல கை வேலை நிலைச்சதுக்குக் காரணம் கருணை மட்டும் இல்ல, உராய்வு. மருந்து இருக்கிற இடத்துல இரும்பு உரசக் கூடாது.

ஆனா அங்கயும் இட்டாச்சி போகும். எப்பன்னு உங்களுக்கே தெரியும். வெடி விபத்து நடந்து கட்டடம் தரைமட்டமான பிறகு. அண்ணாச்சி அந்த மாதிரி ஒரு இடத்துக்கு ஒரு தடவை போயிருக்கார். தீயணைப்புக்காரங்க நனைச்சு நனைச்சு விடுவாங்களாம், இவர் பக்கெட்டோட பல்லு கல்லுல படாம, ஓரமா வழிச்சு எடுக்கணும். பொறி பறந்தா கீழ மிச்சம் இருக்கிற மருந்து. அதைவிட, கீழ ஆள் இருக்கலாம்.

"குவாரியில நூறு மணிக்கு ஓட்டுற வேலையை அங்க ஒரு பக்கெட்ல ஓட்டணும் தம்பி. நாப்பது டன் தள்ளுற வண்டியை வச்சு, ஒரு ஓட்டைத் தூக்குற மாதிரி தூக்கணும்."

அன்னைக்கு வாடகையை ஓனர் வாங்கலையாம். இவர் பேட்டாவையும் வாங்கல.

பேசி முடிச்சுக் கிளம்பும்போது அந்தத் திட்டு விஷயத்தை அவர்கிட்ட சொன்னேன், நடுவுல தொடாம விடுற மண் திட்டு. அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அம்மா சொல்லியிருக்காங்க. "வண்டியிலயும் விடலாம் தம்பி, ஒண்ணும் கஷ்டம் இல்ல. சுத்தி எடுத்துட்டுப் போக வேண்டியதுதான். விடச் சொல்லி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல"ன்னார்.

உங்க ஊர்க் கண்மாய்ல அடுத்த தடவை வண்டி இறங்கினா, போய்ப் பார்த்துட்டு எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அதை உங்க ஊர்ல என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கங்கிறதையும் மறக்காம சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.